மிருகங்களுக்கு மட்டும்

கொள்ளு வெந்த தண்ணீரை இந்த ஊரில் யாரும் கீழே கொட்டுவதில்லை. கொள்ளு குதிரைக்கும் மாட்டுக்கும் போகும், வடித்த தண்ணீர் அடுப்படிக்குப் போகும். புளியும் மிளகாயும் பூண்டும் அரைத்துவிட்டுக் கொதிக்கவைத்தால் அதுதான் கட்டுச்சாறு. ராகிக் களிக்கு அதைப்போல ஒன்று கிடையாது. ஜட்கா ஓட்டும் மல்லப்பனின் பெண்சாதி கெம்பம்மா வைக்கிற கட்டுச்சாற்றை நான் வருஷக்கணக்காகச் சாப்பிட்டிருக்கிறேன். இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்ட விஷயத்துக்கு இது வேண்டியிருக்கும் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

நான் சொல்லச் சொல்ல உங்கள் ரைட்டர் எழுதிக்கொள்வார் என்றீர்கள். வேண்டாம் என்றேன். தலை நரைத்த பிறகு ராத்திரிப் பள்ளியில் உட்கார்ந்து கற்ற எழுத்து இது. பகலெல்லாம் உலக்கை பிடித்த கைக்குப் பலப்பம் நிற்காது. அப்படியும் கற்றேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

என் பெயர் கருப்புசாமி, ஊர் மார்டள்ளி. மழை பொய்த்த வருஷம் மைசூருக்கு வந்தவன். தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு நாட்டு மருந்துக் கடையில் சரக்கு இடிக்கிறேன். படுக்கை மல்லப்பன் வீட்டு லாயத்தை ஒட்டின சார்ப்பில். அவனும் பக்கத்து வீடுகளின் ஜட்காக்காரர்களும் சாயங்காலம் அவன் வாசலில் ஒரே அண்டாவில் கொள்ளு வேகவைப்பார்கள். விறகு யாருடைய முறையோ, அன்றைய தண்ணீர் அவர் வீட்டுக்கு. இதில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

மல்லப்பனின் குதிரை ராணி ஒரு மழைக்காலத்தில் தீனி எடுக்காமல் நின்றது. ஓமம், வெந்தயம், சுக்கு, கருஞ்சீரகம், இந்துப்பு, சுட்ட எலும்பு எல்லாம் சேர்த்து இடித்து வெல்லத்தில் உருட்டிக் கொடுத்தேன். மறுநாள் தின்றது. பிறகு எல்லாரும் கேட்டார்கள். நாய் வளர்க்கிற பங்களாக்களிலிருந்தும் வேலைக்காரர்கள் வந்து கேட்டார்கள். டப்பாவில் அடைத்து, என் கையாலேயே லேபிள் எழுதி ஒட்டினேன். 'கருப்புசாமி பலப்பொடி. குதிரை, நாய், பசுவுக்கு.' என் பெயரை ஒரு பொருளின்மேல் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒருநாள் மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸிலிருந்து ஆள் வந்து டப்பாக்களை எடுத்துப் போனான். நான் பின்னாலேயே போனேன். அங்கே செலுவநாராயணன் என்று ஒரு அதிகாரி. மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார். தமிழிலேயே பேசினார், உட்காரவும் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

"ஏம்பா, பலம் தரும்னு போட்டிருக்கியே. பலம் தரும்னா மருந்து. மருந்துன்னா லைசென்ஸ் வேணும்" என்றார்.

"அந்த வார்த்தைய அடிச்சுப்போடறனுங்க."

"அடிச்சுட்டா தீனி. தீனியை யாராவது இத்துனூண்டு டப்பால அடைச்சு, அரை ஸ்பூன் குடுன்னு எழுதுவாளோ?"

"அப்ப நான் என்னதானுங்க எழுதறது?"

"அதை நான் சொல்லப்படாது. நீ எழுதிண்டு வரணும். நான் பார்த்துச் சொல்வேன்."

எழுதிக்கொண்டு போனேன். குதிரைக்கு ஒரு லேபிள், நாய்க்கு ஒரு லேபிள் தனித்தனியாக வேண்டும் என்றார். நாயையும் பசுவையும் விட்டுவிட்டேன். மனிதர்கள் தின்றுவிடக்கூடாது, 'மிருகங்களுக்கு மட்டும்' என்று பெரிதாக எழுது என்றார். எழுதினேன். இடிக்கிற இடத்துக்குச் சிமெண்டுத் தரை வேண்டும் என்றார். மல்லப்பன் தன் வீட்டு முன்அறையில் பாதியைக் கொடுத்து, அவனே சிமெண்டு பூசினான். அப்புறம் விலாசத்துக்கு அத்தாட்சி. மார்டள்ளி மதராஸ் ராஜ்யம், இது மைசூர் ராஜ்யம். கொள்ளேகாலத்துக்குப் போய்த் தாலுகா ஆபீஸ் வாசலில் காத்துக்கிடந்து வாங்கிவந்தேன். அதற்குள் இடிக்கிற வேலையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கெஞ்சித் திரும்பச் சேர்ந்தேன்.

ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் மல்லப்பன் வாசலிலேயே பிடித்துக்கொள்வான்.

"ஏனப்பா டாக்டரே, இன்னிக்கு என்ன கேட்டாங்க? குதிரையோட ஜாதகமா?"

"சும்மா கெடப்பா."

"இல்ல, ராணி கைநாட்டு போடணும்னா சொல்லு. கால் தூக்கித் தருவா."

கெம்பம்மா உள்ளிருந்து, "அண்ணாவ சாப்பிட விடுங்க, பாவம்" என்பாள். களி வரும், சாறு வரும். அந்த நேரத்தில் அவன் சிரிப்பதும் எனக்குப் பாரமாக இருந்தது. நாள் முழுக்க உலக்கை போட்டவனுக்கு, ஒரு டப்பாவை விற்க இத்தனை வாசல் ஏறுவது எப்படி இருக்கும் என்று ஜட்காவில் உட்கார்ந்து போகிறவனுக்குத் தெரியாது.

கடைசியாக அத்தாட்சி கேட்டார்கள், பொடி வேலை செய்கிறது என்பதற்கு. மாட்டாஸ்பத்திரி டாக்டர் நோயோடு ஒரு பிராணியைப் பார்க்க வேண்டும். பொடி கொடுத்தபின் அதையே சுகமாகப் பார்த்து எழுதித் தர வேண்டும். நியாயமான சட்டம்தான். ஆனால் அதற்கு ஒரு குதிரைக்கு நோய் வர வேண்டுமே. காத்திருந்தேன். மல்லப்பன் ராணியைக் காலையும் மாலையும் தேய்த்துவிட்டு, குளம்பில் சிக்கின கல்லைக்கூட விரலால் எடுப்பான். மற்றவர்களும் அவனைப் பார்த்துக் கற்றுக்கொண்டு அப்படியே செய்தார்கள். அந்தத் தெருவில் ஒரு குதிரைக்கும் தும்மல்கூட வரவில்லை.

ஆகவே ராணியின் தீனிப்பையில் ஒன்றைக் கலந்தேன். எங்கள் கடையில் தனியாகப் பூட்டிவைக்கிற சரக்கு அது. பெயரை எழுதமாட்டேன். படிக்கிறவர்கள் யாராவது செய்துபார்ப்பார்கள்.

ராணி படுத்துவிட்டது. மல்லப்பன் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். நானே போய் டாக்டரைக் கூட்டிவந்தேன். அவர் பார்த்துவிட்டுப் போனபின் அந்தச் சரக்கை நிறுத்திவிட்டுப் பொடியைக் கொடுத்தேன். ராணி எழுந்துவிட்டது. டாக்டர் எழுதித் தந்தார். மல்லப்பன் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அன்று அவன் டாக்டர் என்று கூப்பிட்டதில் கேலி இல்லை.

செலுவநாராயணன் காகிதத்தைப் பார்த்தார்.

"ஒரு குதிரை தானாவே எழுந்திருக்கலாமோன்னோ? இது போறாது. அஞ்சாறு பிராணி, ஒரே வியாதி, ஒரே சமயம். அப்பதான் நான் மேலே அனுப்ப முடியும்."

"இதோட முடிஞ்சுருங்களா சாமி?"

"இதோட முடிஞ்சுது. எனக்கும் உன்னைப் பார்த்தா பாவமாத்தான் இருக்கு."

ஒரே வியாதி, ஒரே சமயம். அவர் சொன்னதை நான் அப்படியே செய்தேன். ஒவ்வொரு குதிரையின் பையாகத் தேடிப்போக எனக்கு நேரம் இல்லை, உடம்பில் தெம்பும் இல்லை. அண்டா ஒன்றுதான். அதில் போட்டேன்.

பொழுது விடிந்தபோது எந்த லாயத்திலும் ஒரு குதிரையும் எழுந்து நிற்கவில்லை. வீட்டுக்குள் மல்லப்பனும் எழுந்திருக்கவில்லை. கெம்பம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என்னைக் கூப்பிட்டாள். அவள் கடைசியில் சாப்பிடுகிறவள், மிஞ்சின கொஞ்சத்தைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தெருவில் ஜட்காக்கள் வரிசையாக நின்றன, பூட்டுவதற்குக் குதிரை இல்லை. மார்க்கெட்டிலிருந்து தள்ளுவண்டி கொண்டுவந்து நானே தள்ளிப்போனேன். சயாஜிராவ் ரோடு முழுக்க நான்தான் தள்ளினேன். இதை யாரும் எழுதிக்கொள்வதில்லை.

ராத்திரி என்ன சாப்பிட்டான் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். களியும் சாறும், எப்போதும் சாப்பிடுவதுதான் என்றேன். அது பொய் இல்லை. கொள்ளு என்று சொன்னால் அண்டாவுக்குப் போவார்கள். அண்டாவுக்குப் போனால் குதிரைகளுக்கு வந்தது நோயே இல்லை என்று ஆகிவிடும். மாட்டாஸ்பத்திரி டாக்டர் அன்று காலைதான் எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொண்டு போயிருந்தார்.

கெம்பம்மா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என் காலைத் தொட வந்தாள்.

"அண்ணா, உங்க பொடில கொஞ்சம் குடுங்கண்ணா. ராணி எழுந்தாளே. இவரும் எழுவாரு."

டப்பா என் மடியில்தான் இருந்தது. எடுத்து லேபிளைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நானே படித்துச் சொன்னேன். "மிருகங்களுக்கு மட்டும்னு போட்டிருக்கு தாயி. மனுசருக்குக் குடுக்கக் கூடாது." அவள் லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பொழுது சாய்வதற்குள் மல்லப்பன் போய்விட்டான்.

அந்தப் பார்வையில்தான் அவளுக்குப் பிடிபட்டது என்று நினைக்கிறேன். உங்களிடம் அவள் என்ன சொன்னாள் என்று நீங்களே சொன்னீர்கள். கட்டுச்சாறு என்றால் இன்னொரு கரண்டி கேட்கிற கருப்பண்ணா அன்று மட்டும் பசியில்லை என்று எழுந்துபோனார் என்றாளாம். சொன்னது சரி. எனக்கு அன்று பசியில்லை.

தெரியாமல் நடந்தது என்று எழுதச் சொன்னீர்கள். தண்டனை குறையும் என்றீர்கள். அப்படி எழுதினால் பொய்யாகும். அன்று விறகு மல்லப்பன் முறை. முந்தின நாள் பக்கத்து வீட்டு ஜட்காக்காரன் கெம்பையன் முறை. சரக்கு அன்றே என் கையில் இருந்தது, ஆனால் கெம்பையன் வீட்டில் சின்னக் குழந்தைகள். அதனால் ஒருநாள் பொறுத்தேன். பொறுத்துச் செய்தேன் என்பதையும் உங்கள் காகிதத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி ஒரே ஒரு காரியம்தான் பாக்கி. மல்லப்பனை எடுத்த அன்றும் நான் மயானத்திலிருந்து வந்து குதிரைகளுக்குப் பொடி கொடுத்தேன். எல்லாம் எழுந்துவிட்டன. கெம்பையனின் வெள்ளைக்குதிரை மட்டும் பொடியை வாயிலேயே வாங்கவில்லை, அதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் எழுந்தது. வாசனையிலேயே குணமாகியிருக்கும். மாட்டாஸ்பத்திரி டாக்டர் இன்னும் வந்து சுகத்தைப் பார்க்கவில்லை. ஐயா தயவுசெய்து அவரை அனுப்பி, எழுதி வாங்கி, செலுவநாராயணன் அவர்களிடம் சேர்த்துவிட வேண்டும். அவர் கேட்டது எல்லாம் இப்போது இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் நான் ஒரு மனிதனுக்கும் மருந்து கொடுத்ததில்லை.