சிறுகோளுக்கு எல்லைக்கல்

கூட்டத்தின் தலைமை ஏற்றிருக்கும் வைத்தியர் நாகபூஷணம் அவர்களே, பாலசமுத்திரத்திலிருந்து வண்டி கட்டி வந்த மூத்தோரே, மடியில் பிள்ளையும் மனத்தில் சினமுமாக முன்வரிசையைப் பிடித்திருக்கும் தாய்மார்களே, எல்லையை மீட்கப் புறப்பட்டு ஏழெட்டுக் காகிதங்களைக் கிழித்துவிட்டு வீடு திரும்பிய வீரத் தோழர்களே, அனைவருக்கும் இந்த அம்சவேணியின் வணக்கம்.

தோழர்கள் ஏன் தலை குனிகிறார்கள்? நான் இன்னும் தொடங்கவே இல்லை.

நம் மிஷன் பள்ளியில் அறிவியல் சொல்லித் தரும் ஜெயசீலி டீச்சரை அனைவரும் அறிவீர்கள். ரஷ்யாக்காரர்கள் வானத்தில் ஓர் உருண்டையைச் சுற்றவிட்ட நாள் முதல் அவருக்கு ஒரே சிந்தனை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஆயிரமாயிரம் சிறுகோள்கள் சுற்றுகின்றன. அவற்றில் சில இரும்பாலும் நிக்கலாலும் ஆனவை. அந்த உலோகத்தை வெட்டி எடுப்பது எப்படி? மாணவிகளைச் சேர்த்துக்கொண்டு பொருட்காட்சி வைத்தார். சூளையில் உருகிப்போன செங்கல் சிறுகோளாயிற்று. மீன்வலை அதற்குப் போர்வையாயிற்று. பிஸ்கட் டப்பாத் தகரம் வளைந்து நெளிந்து, வெயிலைக் குவிக்கும் குழியாடியாயிற்று.

நாங்கள் போய்ப் பார்த்தோம். கரும்புப் பயிர் வைக்கிற ரத்னம்மா வாயை மூடிக்கொண்டு வருகிறவளா?

"டீச்சரம்மா, அந்தக் கல்ல கடப்பாரையால ரெண்டு போடு போட்டா பேந்துக்காதா?"

"கல்லு பேராதுங்க. போட்டவங்கதான் எகிறிப் பூடுவாங்க. அங்க எடையே இல்லாத மாதிரிதான். மொதல்ல கல்ல வலையில கட்டணும், நம்மளையும் அதோட கட்டிக்கணும். அப்புறம் கண்ணாடியால வெயில ஒரே எடத்துல குவிச்சி உருக்கணும்."

"உருக்கினத அத்தினி தூரம் யாரு தூக்கிக்கினு வர்றது?"

"எல்லாத்தையும் தூக்க வேணாம். இரும்ப அங்கயே வெச்சி அங்க வேண்டிய சாமான் செஞ்சிக்கலாம். பிளாட்டினம் மாதிரி அரிதா கெடைக்கிறத மட்டும் கீழ எறக்கினா போதும்."

ரத்னம்மா என் காதில், "நடக்கும் போலத்தான் கீது" என்றாள்.

நம் ஊர் தமிழ்நாட்டுக்கா ஆந்திரத்துக்கா என்று எல்லைக் கமிட்டி இன்னும் முடிவு சொல்லவில்லை அல்லவா? அடுத்த நாள் சித்தூரிலிருந்து கல்வி அதிகாரி ஒருவர் வந்தார். கல்லைப் பார்த்தாரா? கண்ணாடியைப் பார்த்தாரா? வானத்தைத்தான் ஒருமுறை அண்ணாந்து பார்த்தாரா? எழுத்தைப் பார்த்தார் ஐயா, தமிழ் எழுத்தை.

"ஏமம்மா, எல்லாம் அரவத்துலயே ராசிக்கிறே? இந்த ஊரு மா ஆந்திராலதான் நிக்கப் போவுது. தெலுகு எக்கட?"

டீச்சர் வாதாடவில்லை. "எழுதிடறேன் சார். தெலுங்குப் புள்ளைங்களும் வர்றாங்க. மொதல்லயே எழுதியிருக்கணும்" என்றார். அன்று மாலையே தமிழுக்குக் கீழே தெலுங்கும் எழுதி ஒட்டினார்.

கைதட்டாதீர்கள். கதை கெட்டுப்போவது இனிமேல்தான்.

மறுநாள் நம் தோழர்கள் படையெடுத்தார்கள். முன்னால் கோவர்த்தனன். "டீச்சர், இது தமிழ் மண்ணு. இங்க தெலுங்குல எழுதினா எல்லைக் கமிட்டி இன்னா நெனைக்கும்?"

"கமிட்டி இத வந்து பாக்கப் போறதில்லை தம்பி. புள்ளைங்கதான் பாக்கறாங்க."

பதில் இல்லாதபோது கை நீளுகிறது. காகிதம் கிழிந்தது, மேசை கவிழ்ந்தது, குழியாடி காலடியில் நசுங்கியது, கல் சாக்கடைக்குள் உருண்டது. கலகம் என்று கேட்டதும் அதிகாரிக்குக் கொண்டாட்டம். அறைக்குப் பூட்டு, பொருட்காட்சிக்கு நிரந்தரத் தடை.

பள்ளி வாசலில் டீச்சர் அந்த வலையை மடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. "இனி இந்த வாத்தியார் வேலையே வேணாம்னு தோணுதுக்கா" என்றார். அந்தச் சொல்தான் தாய்மார்களே, என்னைச் சுட்டது. ரத்னம்மா சாக்கடைக்குள் இறங்கினாள். கல்லைத் தூக்கி முந்தானையால் துடைத்தாள். பக்கத்தில் நின்ற கரும்பாலை வீட்டுத் தெலுங்கம்மா சுந்தரம்மா சொன்னார்: "டீச்சர்காரு, மா கொட்டாய் காலியாத்தான் கீது. ஆடயே பெட்டுங்க, பொருட்காட்சிய அங்கயே வைங்க. எவுரு வந்து பூட்டறாங்கோ பாக்கலாம்."

அந்தக் கொட்டகையில்தான் இப்போது அமர்ந்திருக்கிறீர்கள்.

ஆந்திரம் காக்கும் அதிகாரியே, தமிழ் காக்கும் தோழரே, உங்கள் இருவரையும் ஒன்று கேட்கிறேன். ஒரு பெண் வானத்து இரும்பை வெட்டி எடுக்க வழி தேடினாள். நீங்கள் என்ன தேடினீர்கள்? அவள் கல்லைக் கட்டக் கயிறு தேடினாள். நீங்கள் அவள் கையைக் கட்டக் காரணம் தேடினீர்கள். நாளை நீங்கள் சிறுகோளுக்குப் போனால் எதைக் கொண்டுபோவீர்கள்? வலையையா? ஆடியையா? முதலில் எல்லைக்கல்லைக் கொண்டுபோவீர்கள். ஆளுக்கொன்று நட ஓங்கி அடிப்பீர்கள். அடித்த வேகத்தில் இருவரும் ஆளுக்கொரு திசையில் பறந்துபோவீர்கள். கல் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

என்ன கோவர்த்தனா, சிரிக்கிறாயா? சிரி. சிரித்துவிட்டு உள்ளே போய் அந்த மேசைக் காலைச் சரிசெய். நீ கவிழ்த்த மேசை இன்னும் ஆடுகிறது.

ஜெயசீலி டீச்சர் வேலையை விடவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல வகுப்புக்குப் போவார். இன்று பொருட்காட்சியின் திரையை அவரே விலக்குவார். உள்ளே எல்லாமே தமிழிலும் தெலுங்கிலும் எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்தில் கையில் கரும்போடு ரத்னம்மா நிற்கிறாள். படிக்க வருகிறவர்களுக்கு அவள் வழிவிடுவாள். கிழிக்க வருகிறவர்கள் தயவுசெய்து வரிசையில் வரவும்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், இடம் தந்த சுந்தரம்மாவுக்கும், கல்லெடுத்த கைக்கும் என் நன்றி. நமஸ்காரமண்டி, வணக்கம்.