லிஃப்ட் இல்லாத மூணாவது மாடி

இல்லைங்க தம்பி, வேற ஆளெல்லாம் யாரும் கிடையாது. அதிக விலைக்கு வேற எவனுக்கோ பேசி முடிச்சுட்டேன்னு புரோக்கர் சொன்னாரா? சொல்லுவாரு. அவரு ஃபோனையும்தானே நான் எடுக்கல. பத்தொம்பது நாளா யாரு ஃபோனையும் எடுக்கல. உள்ள வாங்க முதல்ல. மூணு மாடி ஏறி வந்து வாசல்ல நின்னுக்கிட்டு சண்டை போட்டா மூச்சு வாங்கும். உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இப்படி சோபாவுக்கு வந்துருங்க.

வீடு உங்களுக்குத்தான். அதை முதல்லயே சொல்லிடறேன், நீங்க நிம்மதியா உக்காரலாம். பேசுன விலைதான், ஒரு பைசா கூட கேக்கப் போறதில்ல. நீங்க கோவப்படறது எனக்குப் புரியாம இல்ல. பேங்க்ல லோனுக்கு எழுதிக் குடுத்தாச்சு, வாடகை வீட்டுல காலி பண்றேன்னு சொல்லியாச்சு, இந்த நேரம் பார்த்து விக்கிறவன் ஆளையே காணோம்னா யாருதான் படியேறி வந்து கேக்க மாட்டாங்க? நானும் அந்தப் பக்கம் நின்னவன்தான்.

ஆமா, நானும் ஒரு வீடு வாங்கறதா இருந்தேன். அதையும் புரோக்கர் சொல்லலையா? தரைத்தளம். ரெண்டே ரூம், சமையலறையில ஒரு ஆள் திரும்பணும்னா இன்னொரு ஆள் வெளிய வரணும். ஆனா வாசல்ல ஒரே ஒரு படி. அந்த ஒரு படிக்காகத்தான் அந்த வீடு. ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளி. இதை வித்தாத்தான் அதை வாங்க முடியும். இது விக்க எட்டு மாசம் ஆச்சு.

யாருக்காகன்னா, என் வீட்டுக்காரிக்காக. நீங்க அவளைப் பார்த்ததில்ல. தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு புரோக்கர் உங்ககிட்ட சொன்னாரு, ஞாபகம் இருக்கா? பொய்தான் அது. நான் பக்கத்துல நின்னு தலையாட்டிக்கிட்டு இருந்தேன்.

அவளுக்கு இதயம் பலவீனம். ஒரு வருஷமாவே. டாக்டர் பெருசா ஒண்ணும் சொல்லல, மாத்திரை எழுதிக் குடுத்துட்டு, மாடி ஏறாதீங்கம்மா, அவ்வளவுதான்னு சொன்னாரு. நான் என்ன வேலை பார்த்தேன் தெரியுமா தம்பி? லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தியொரு வருஷம். இந்த ஊர்ல பாதி கட்டிடத்துல என் கை படாத மோட்டார் இல்ல. என் வீட்டுக்கு மட்டும் ஐம்பத்துநாலு படி. டாக்டர்கிட்ட இருந்து வர்றப்ப அவ அதைச் சொல்லித்தான் சிரிச்சா. ஊருக்கெல்லாம் மேலயும் கீழயும் ஏத்தி இறக்குனீங்க, கட்டுனவளை மட்டும் நடக்க விட்டுட்டீங்களேன்னு. படியில நின்னு நின்னு, ஒவ்வொரு மாடிக்கும் அஞ்சு நிமிஷம் மூச்சு வாங்கிக்கிட்டு, அதுக்கு நடுவுலயும் கிண்டல்.

சரின்னு விக்கலாம்னு முடிவு பண்ணோம். புரோக்கர் வந்து பார்த்தாரு. பார்த்ததும் மூஞ்சி சுருங்கிப் போச்சு. சார், உடம்பு முடியாதவங்க படுத்திருக்கிற வீட்டை யாரும் வாங்க மாட்டாங்க, வாங்குனாலும் அவசரத்துக்கு விக்கறீங்கன்னு அடிச்சு நொறுக்கிருவாங்க, ஆள் வர்றப்பெல்லாம் அம்மா இங்க இருக்கக் கூடாதுன்னுட்டாரு. கட்டிலை மடிச்சுப் பரண்ல போட்டுடணும், மாத்திரை டப்பா வெளிய இருக்கக் கூடாது, அரை மணி முன்னாடியே ஜன்னலையெல்லாம் திறந்து விட்டுடணும். அதோ அந்தக் காலண்டரைத் தூக்கிப் பாருங்க. பரவாயில்ல, தூக்குங்க. கறுப்பா ஒரு கோடு தெரியுதா? கட்டில் உரசுன தடம். அதை மறைக்கத்தான் அங்க காலண்டர் மாட்டுனது. பெயிண்ட் அடிச்சா போயிரும், கவலைப்படாதீங்க.

கேலிக்கூத்து என்னன்னா, அவ படி ஏறக் கூடாதுன்னுதானே வீட்டை விக்கிறோம்? விக்கிறதுக்காக அவளை எத்தனை தடவ படி இறக்கி ஏத்துனோம்னு நினைக்கிறீங்க? இருபத்திமூணு தடவ. நடக்க விடல, தூக்கிக்கிட்டுத்தான் போவோம். அந்த ஆடுற நாற்காலிதான். முன்னால நான், பின்னால கீழ்வீட்டுத் தையல்காரர். அவரும் பாவம், பாதி சட்டையை மெஷின்ல விட்டுட்டு ஓடி வருவாரு. ரெண்டாவது மாடித் திருப்பத்துல நாற்காலியைச் சாய்ச்சாத்தான் திரும்பும். அங்க மட்டும் அவ கண்ணை இறுக்க மூடிக்குவா.

முதல் ரெண்டு தடவ தையல்காரர் கடையிலதான் உக்கார வச்சோம். ரெண்டாவதா வந்தவரு இறங்கிப் போறப்ப நேரா தையல்காரர்கிட்ட போய், மேல வீடு எப்படிங்க, ஏன் விக்கிறாங்கன்னு கேட்டுட்டாரு. தையல்காரருக்குப் பொய் சொல்ல வராது. இந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லைங்கன்னு அவளையே கை காட்டிட்டாரு. வீடு பார்க்க வந்தவரு அதோட சரி, திரும்பிக்கூடப் பார்க்கல. அன்னைக்குத் தையல்காரர்கிட்ட நான் கொஞ்சம் கடுமையாவே பேசிட்டேன். வீடு பார்க்க வர்றவங்க யாரு என்ன கேட்டாலும் தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்கன்னேன். நீங்க போன வாரம் ரெண்டு தடவ வந்து அவரைத்தானே கேட்டீங்க? தெரியாதுன்னுதானே சொன்னாரு? நல்ல மனுஷன். சொன்ன வாக்கை இன்னும் காப்பாத்திக்கிட்டு இருக்காரு.

அதுக்கப்புறம்தான் கார். என்னோட பழைய காரு, தெரு முனையில ஒரு மரம் இருக்குல்ல, அந்த நிழல்ல. முன் சீட்டைச் சாய்ச்சு விட்டு, கண்ணாடியைப் பாதி இறக்கி, ஒரு தண்ணி பாட்டில். என் மச்சினி, அதான் அவ தங்கச்சி, லீவு கிடைச்சா வந்து கூட உக்காந்துக்குவா. மேல நான் அலமாரி திறந்து காட்டிக்கிட்டு இருப்பேன், கீழ அக்காவும் தங்கச்சியும் வர்றவங்களை எடை போட்டுக்கிட்டு இருப்பாங்க. ஆளு வண்டியை விட்டு இறங்குனதுமே எனக்கு ஃபோன் வந்துரும். வெள்ளைச் சட்டை, தொப்பை, வாங்க மாட்டாரு. அம்மாவும் மகனும், அம்மா மூஞ்சியே சரியில்ல, வாங்க மாட்டாங்க. அவ சொன்னது ஒரு தடவ கூடத் தப்பல.

எத்தனை விதமான ஆளுங்க தெரியுமா தம்பி. ஒருத்தரு குழாயைத் திறந்து விட்டுட்டு வாட்சைப் பார்த்துக்கிட்டே நின்னாரு, வாளி நிறையற வரைக்கும். ஒரு புதுசா கல்யாணமான ஜோடி, எந்த ரூம் யாரோட மாமியாருக்குன்னு சமையலறையில நின்னு சண்டை போட்டு, ஆளுக்கொரு ஆட்டோ புடிச்சுப் போனாங்க. ஒருத்தரு எல்லாம் பிடிச்சிருக்கு, ஃபேன் நாலையும் விட்டுட்டுப் போகணும்னாரு. சரின்னேன். ஏசியும்னாரு. சரின்னேன். அப்ப வீட்டுல ஏதோ கோளாறு இருக்கு, இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கறீங்களேன்னு போயிட்டாரு. லிஃப்ட் இல்லையேன்னு கேக்காதவங்களே கிடையாது. ஆமாங்க, காலம் பூரா லிஃப்டோடயே மல்லுக்கட்டுனேன், வீட்டுலயாவது நிம்மதியா இருக்கலாம்னுதான்னு சொல்லிச் சிரிப்பேன். இருபது தடவ அதே ஜோக்கு. அவங்களும் சிரிப்பாங்க.

ரெண்டு பேரு வாங்கறேன்னே சொன்னாங்க. ஒருத்தருக்கு லோன் கிடைக்கல. இன்னொருத்தரு அட்வான்ஸ் தர்ற அன்னைக்குக் காலையில, சாரி சார், அண்ணன் வேணாங்கறாருன்னு மெசேஜ் போட்டாரு. அன்னைக்குத்தான் அவ முதல் தடவையா, போதுங்க, இங்கயே இருந்துக்கறேன், நான் வெளிய போகாட்டி என்னன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. உனக்காகத்தானே நாய் மாதிரி அலையறேன்னு கத்திட்டேன். அடுத்த தடவ ஆளு வர்றாங்கன்னதும் அவளே எழுந்து நாற்காலியில உக்காந்துக்கிட்டா. நான் அன்னைக்குச் சரின்னு சொல்லியிருக்கலாம். இந்தப் பத்தொம்பது நாளா அதைத்தான் திருப்பித் திருப்பி நினைக்கிறேன், ஆனா மனசுல ஒண்ணும் ஓட மாட்டேங்குது. அழுகையும் வரல. பல்லு புடுங்க ஊசி போட்டா கன்னம் நம்மளுது மாதிரியே இருக்காதுல்ல, அப்படி இருக்கு.

அந்தத் தரைத்தள வீட்டுக்காரரா? அவரும் ரெண்டு வாரமா ஃபோன் பண்ணிக்கிட்டு இருக்காரு. அவருக்கும் ஒரு பதில் சொல்லணும். வேணாம்னு சொல்லணும். அட்வான்ஸ் போனா போகட்டும்.

இருங்க, பதறாதீங்க, உங்களுக்கு விக்கலைன்னு சொல்லல. அது வேணாம்னாலும் இது உங்களுக்குத்தான். ஏன்னு சொல்றேன்.

நீங்களும் உங்க வீட்டுக்காரம்மாவும் வந்த அன்னைக்கு மச்சினிக்கு லீவு கிடைக்கல. என் வீட்டுக்காரியைத் தனியா விட வேணாம்னு புரோக்கர்கிட்ட வேற நாள் கேட்டேன். அவங்க நாளைக்கு வேற வீடு பார்க்கப் போறாங்க சார், இன்னைக்கு விட்டா போச்சுன்னாரு. அவதான், நான் என்ன கைக்கொழந்தையா, போங்கன்னா. நாங்க இறக்கி உக்கார வச்சோம், தையல்காரர் கடைக்குப் போயிட்டாரு, நான் மேல வந்து ஜன்னலைத் திறந்தேன். நீங்க இறங்குனதும் ஃபோன் வந்துச்சு. ரெண்டு பேரு, பையன் கையில அளக்குற டேப் வச்சிருக்கான், இவன் வாங்கிருவான், விலையில ரொம்ப முறுக்காதீங்கன்னா. இருபத்திமூணு தடவையில முதல் தடவையா வாங்குவான்னு சொன்னா. அதனாலதான் சொல்றேன், வேற யாருக்கும் குடுக்க மாட்டேன். அவ சொன்னது தப்பாயிடக் கூடாது.

நீங்க ஒரு மணி நேரத்துக்கு மேல இருந்தீங்க. இல்ல, குறை சொல்லல. நீங்க டேப்பைப் புடிக்க, உங்க வீட்டுக்காரம்மா ஒவ்வொரு ஜன்னலா நோட்டுல எழுதிக்கிட்டாங்க, திரைத்துணிக்கு. எனக்கு மனசுக்குள்ள ஒரே சந்தோஷம். திரைத்துணிக்கு அளவு எடுக்கறவங்க வாங்காம போக மாட்டாங்கல்ல. புரோக்கர் விலையைப் படிய வச்சுட்டு அடுத்த ஆளைப் பார்க்கக் கிளம்பிட்டாரு. நீங்க படுக்கை ரூம் ஜன்னலை அளந்தப்ப நானும் பக்கத்துல நின்னேன். அங்கருந்து பார்த்தா தெரு முனை தெரியும். கார் நின்னுச்சு. கண்ணாடி பாதி இறக்கி இருந்துச்சு. நல்லாத்தான் இருக்கான்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் ஃபோன் அடிச்சுச்சு. ரெண்டு தடவ. விலை என்னாச்சுன்னு கேக்கத்தான் கூப்பிடுவா, எப்பவும் அப்படித்தான், பொறுமையே கிடையாது. ஆளு இருக்கறப்ப ஃபோன் எடுக்கக் கூடாதுன்னு புரோக்கர் வேற சொல்லியிருந்தாரு. நீங்க கூட டேப்பைச் சுருட்டிக்கிட்டே, பேசுங்க சார், பரவாயில்லன்னு சொன்னீங்க. நான் கட் பண்ணிட்டு, வீட்டுலருந்துதான், அப்புறம் பேசிக்கறேன்னேன்.

நீங்க போனதும் ஐம்பத்துநாலு படியும் ஓடித்தான் இறங்குனேன், இந்த வயசுல. கார் கதவைத் திறந்து, முடிஞ்சுருச்சு, நீ சொன்ன மாதிரியே அந்தப் பையன்தான், வித்தாச்சுன்னு சொன்னேன். தூங்குறாளோன்னு இன்னும் கொஞ்சம் சத்தமா இன்னொரு தடவையும் சொன்னேன்.

உக்காருங்க தம்பி, உக்காருங்க. உங்க மேல ஒண்ணும் இல்ல. ஜன்னலை அளக்காம யாரு வீடு வாங்குவா? உங்க வீட்டுக்காரம்மாகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதீங்க, இங்க குடியிருக்கப் போறவங்க. பேப்பர் கொண்டு வந்திருக்கீங்கல்ல, எடுங்க. எங்க எங்க கையெழுத்துன்னு காட்டுங்க. அவ பேரும் பத்திரத்துல இருக்கு, அதுக்கு டெத் சர்டிபிகேட் வேணும்னாங்க, எழுதிக் குடுத்துட்டேன், புதன்கிழமை தர்றேன்னு சொல்லியிருக்காங்க.