மேசைக்கு வந்த மகள்

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. முதுகுக்குத் தலையணை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று சொல்லப்போவது நான் செய்த ஒரு காரியத்தின் கதை. நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் பதறாமல் கேளுங்கள்.

ஞாயிறு மதியம் என் வீட்டு மேசையில் ஓர் ஆட்டம் நடக்கும். ஆளுக்கொரு பாத்திரம், அதற்காக அவரவர்தான் பேச வேண்டும். நடப்பதை நான் சொல்வேன். பிழைப்பதா விழுவதா என்பதைப் பகடை சொல்லும். என் பகடை மட்டும் ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உருளும். கடைசல் பட்டறைக்காரர், தையற்காரி, நான் என்று பதினோரு வருடம் ஆடினோம்.

பட்டறைக்காரரின் மகள் காய்ச்சலில் போய் மூன்று வருடமாகியிருந்தது. ஆட்டத்தில் அவர் தனிக்கட்டையான ஒரு கொல்லர். ஒரு ஞாயிறு, பகடையை உருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்:

"அக்கா, பையன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். மருமக முழுகாம இருக்கா. மக இருந்த ரூமையும் ஒழிச்சிட்டேன். அடுத்த மாசம் கிளம்பிடலாம்னு பாக்குறேன்."

"போங்கண்ணே, பேரப்புள்ளை கிட்டயாவது ஜெயிக்கிறீங்களான்னு பாப்போம்" என்று தையற்காரி சிரித்தாள். நானும் சிரித்தேன். மூன்று பேரில் ஒருவர் போனால் ஆட்டம் நின்றுவிடும். ஆட்டம் நின்றால் என் வீட்டுக் கதவை யார் தட்டுவார்?

அடுத்த வாரமே புதிதாக ஒரு பெண் வந்தாள். பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள். படகோட்டியாக ஆட அவளுக்கு ஆசை. எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு: புதுப் பாத்திரம் பழைய பாத்திரம் ஒன்றுக்கு உறவாக வேண்டும். அப்போதுதான் ஒட்டும்.

"கொல்லரோட தொலைஞ்சுபோன மகளா வாம்மா" என்றேன். குணங்களை நானே ஒரு தாளில் எழுதித் தந்தேன். படியேறும்போது வாய்விட்டு எண்ணுவாள். மழை வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வாள். கோபம் வந்தால் அப்பாவை 'முதலாளி' என்பாள். எல்லாம் மகள் இறந்த வருடம் பட்டறைக்காரர் என் அடுப்படியில் அழுதுகொண்டே சொன்னவை. புதுப் பெண்ணுக்கு அது தெரியாது.

முதல் ஆட்டத்தில் அவள் கோட்டைப் படி ஏறினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... என்ன முதலாளி, மூச்சு வாங்குதா?"

பட்டறைக்காரர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "பாத்து ஏறும்மா" என்றார். அது கொல்லரின் குரல் இல்லை.

அடுத்த மாதம் அவர் போகவில்லை.

பிறகு இரண்டு முறை ஊருக்குப் போகும் பேச்சை எடுத்தார். இரண்டு முறையும் கதையில் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. தடுப்புக்குப் பின்னால் பகடை என்ன காட்டியதென்று நான் பார்க்கவில்லை. "பிழைச்சாளான்னு அடுத்த வாரம் சொல்றேன்" என்று ஆட்டத்தை முடித்தேன். அந்த வாரம் முழுக்க அவர் பட்டறையைத் திறக்கவில்லையாம்.

"இது ஆட்டமில்லக்கா" என்று சொல்லிவிட்டுத் தையற்காரி வருவதை நிறுத்தினாள். அவள் நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாத்திவைத்தேன்.

அந்தக் குணங்களெல்லாம் செத்துப்போன மகளுடையவை என்று புதுப் பெண்ணிடம் சொன்னவளும் தையற்காரிதான். பெண் அழுதுகொண்டே வந்தாள். "பெரியம்மா, என்னால முடியாது."

"வேண்டாம்னா விட்டுடு கண்ணு. ஆனா அவர் மக ரெண்டாவது தடவையும் போயிட்டான்னு நீயே அவர்கிட்ட சொல்லிட்டுப் போ" என்றேன். இன்றுவரை தவறாமல் வருகிறாள்.

பட்டறைக்காரருக்குப் பேத்தி பிறந்து இப்போது தத்தித் தத்தி நடக்கிறாளாம். அவர் இன்னும் பார்க்கவில்லை. ஒழித்த அறையில் மறுபடி கட்டில் போட்டிருக்கிறார். போன வாரம் மகன் வந்து என் வாசலில் நின்றான்.

"அத்தை, எங்கப்பாவ என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"நான் என்னப்பா பண்ணேன்? போன புள்ளையத் திருப்பிக் கொடுத்தேன்."

உண்மையைத்தான் சொன்னேன்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நூறு வயது இருக்கட்டும். உங்கள் வீட்டில் எந்த நாற்காலியும் காலியாகாமல் இருக்கட்டும். அப்படியே ஆகிவிட்டாலும் கலங்காதீர்கள், என்னிடம் வாருங்கள். போனவர் எப்படிப் படியேறுவார் என்று மட்டும் சொன்னால் போதும்.