அறுபடா இல்லம்

மேடம், உங்கள் ஸ்டேஷனில் வைஃபை பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்கள். யாரையும் குற்றம் சொல்லவில்லை. நம் ஊரில் எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள், வயர் தொங்குவது பார்வைக்கு நன்றாக இல்லை என்று. இரும்பு அலையை மறித்துவிடும். அந்தப் பெட்டியை ஜன்னல் பக்கம் மாற்றினால், ரைட்டர் அம்மா ஒவ்வொரு தடவையும் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓட வேண்டாம். என் வாக்குமூலத்தை நிதானமாக எழுதிக்கொள்ளட்டும். எனக்கு அவசரமில்லை.

பெயர் சுயம்புராஜ். வயது ஐம்பத்து நான்கு. கத்தாரில் ஒரு பெரிய ஓட்டலில் இருபத்திரண்டு வருஷம் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருந்தேன். குலசேகரத்துக்கு அப்பால் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு உள்ளேயே வீடு. நான், என் மனைவி நாகம்மை, மகள் நந்தனா, என் அண்ணன் பொன்னுலிங்கம், ஆக நான்கு பேர். அண்ணன் என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னை வளர்த்து, படிக்க வைத்து, விமானம் ஏற்றி அனுப்பியதெல்லாம் அவர்தான். இதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நானும் மறுக்கப் போவதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்து பிழைத்தார். இன்னொரு தடவை வந்தால் முதல் அரைமணி நேரம்தான் முக்கியம், ஆள் தனியாகக் கிடக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அதனால் அவர் மணிக்கட்டில் ஒரு பொத்தான் கட்டிவிட்டேன். அழுத்தினால் எங்கள் மூன்று பேர் போனும் அலறும். கட்டியது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பொத்தானுக்குக் குரல் சிறிது. அது கூப்பிடுவது, பக்கத்தில் மாட்டியிருக்கும் ஸ்மார்ட் பல்பு வரைக்கும்தான் கேட்கும். அந்தப் பல்பு அடுத்த பல்புக்குச் சொல்லும், அது அடுத்ததற்குச் சொல்லும், கடைசியில் எல்லாக் கருவிகளையும் ஆளும், ஹாலில் இருக்கும் தலைப்பெட்டிக்கு வந்து சேரும், அது எங்கள் போன்களுக்குச் சொல்லும். வலைப்பின்னல் என்பது இவ்வளவுதான். ஒரு கண்ணி விட்டுப்போனால் வேறு கண்ணி பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குள் எனக்கு நாற்பத்திமூன்று கண்ணிகள் இருந்தன. வீட்டுக்குப் பின்னால், உறைந்த ரப்பர் பாலை ஷீட்டாக அடிக்கும் கொட்டகைக்கு மட்டும் ஒரே வழி, அங்கே மாட்டிய பல்பு. மற்றதெல்லாம் தகரக் கூரை, நனைந்த ரப்பர் இலை. நனைந்த இலை சுவர் மாதிரி, மேடம். அண்ணன் பகலில் பாதிநேரம் அந்தக் கொட்டகையில்தான் இருப்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஓர் அறையை விட்டு வெளியே வந்தால் சுவிட்சை அணைக்காமல் கால் நகராது. இந்த மாதிரிப் பல்பைச் சுவரில் அணைக்கக் கூடாது, போனில்தான் அணைக்க வேண்டும். சுவரில் அணைத்தால் பல்பு செத்துப்போகும், வழியும் அதோடு போகும். எத்தனையோ முறை சொன்னேன். சுவிட்சின் மேல் டேப் ஒட்டினேன். டேப்பை உரித்து, வீணாகாமல் சுருட்டி, என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய் அணைத்தார்.

"ஏலே சுயம்பு, அணைச்ச பொறவும் அதுக்கு கரண்டு குடுத்துட்டே இருக்கணும்னா, அது லைட்டா இல்ல உனக்க மாமனாரா?"

நாகம்மைகூடச் சிரித்தாள். அவளுடைய அப்பாதான் என் மாமனார்.

இனி அந்தக் குழுவைப் பற்றி. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். 'நவீன இல்லத்தார்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. மாவட்டம் முழுக்க நூற்று நாற்பது பேர். அநேகமாக எல்லாரும் வெளிநாடு போய்த் திரும்பியவர்கள். மண்டைக்காட்டுப் பக்கம் ஒருவர் பூஜை அறை மணியைப் போனிலேயே அடிப்பார். மணி அடிக்கும், கும்பிட வீட்டில் ஆளிருக்காது. முட்டத்தில் ஸ்மைலின் என்று ஒரு மீன் ஏற்றுமதியாளர். ஜன்னலைத் திறந்தால் கடல். அதைத் திரைபோட்டு மூடிவிட்டு, உள்ளே மீன்தொட்டிக்குத் தனி ஆப் வைத்திருக்கிறார். தலைவர் அனில்குமார், ஓய்வு பெற்ற தாசில்தார். குழுவிலேயே இன்னும் தலைப்பெட்டியைப் பிரிக்காமல் அட்டைப்பெட்டியோடு வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். அதனால் அவரை எல்லாரும் நடுநிலையானவர் என்று ஏற்றுக்கொண்டோம்.

குழுவில் ஒரு போட்டி உண்டு. வீட்டிலுள்ள ஒரு கருவியின் தொடர்புகூட அறுபடாமல் நூறு நாள் ஓடினால் 'அறுபடா இல்லம்' என்று பித்தளைப் பலகை கொடுப்பார்கள், கேட்டில் பதிக்கலாம். ஒரு கருவி விட்டுப்போனால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. புதிதாக ஒன்றைச் சேர்த்தாலும் ஒன்றிலிருந்து. வீட்டுக்கு வெளியே இருக்கும் பல்பு கணக்கில் வராது, ஆள் உடம்பில் கட்டியிருக்கும் கருவி வரும். விதியை எழுதியவன் நான்தான். அதுவரை அதிகம் ஓடியது ஸ்மைலின் வீடு, அறுபத்தோரு நாள். நான் நாற்பதில் ஒரு தடவை, இருபத்துமூன்றில் ஒரு தடவை, ஐம்பத்தெட்டில் ஒரு தடவை விழுந்தேன். மூன்று தடவையும் ஒரே காரணம். அண்ணன் கொட்டகை சுவிட்சை அணைத்தார், பொத்தான் விட்டுப்போனது.

ஒரு வலைப்பின்னலின் நம்பகத்தன்மையைக் கூட்ட இரண்டு வழிகள் உண்டு. பலவீனமான இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கருவி வைக்கலாம். அல்லது பலவீனமான இடத்தையே எடுத்துவிடலாம். முதல் வழி சரிதான், ஆனால் அந்தக் கருவியையும் அவர் பிளக்கோடு பிடுங்குவார் என்று எனக்குப் பட்டது. இரண்டாவது வழி சுத்தமானது. ஜூலை மாதம் ஒரு காலையில், காப்பி குடித்துக்கொண்டே, பொத்தானைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். சரியான தேதியை நந்தனா எழுதியிருப்பாள். என்மேல் கொடுத்த புகாரை நன்றாக எழுதியிருக்கிறாள். கையெழுத்தும் தெளிவு.

அவர் கையிலிருந்து பொத்தானைக் கழற்றவில்லை. அதைக் கட்டியிருப்பதில் அவருக்கு ஒரு தைரியம் இருந்தது. அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

ஐந்து நாள் கழித்து ஒரு விஷயம் நடந்தது. நான் சொல்லித் தோற்றதை நந்தனா அவரிடம் வேறு மாதிரி சொன்னாள். கொட்டகைக்கே கூட்டிக்கொண்டு போய், பல்பைக் காட்டி,

"பெரியப்பா, நீங்க பொத்தான அமுக்கினா இந்த பல்புதான் எங்கள்ட்ட ஓடி வந்து சொல்லும். இதக் கொன்னுப்போட்டா பின்ன யாரு வந்து சொல்லுவா?" என்று கேட்டாள்.

அவர் கொஞ்சநேரம் பல்பையே பார்த்தாராம். "இத இப்படிச் சொல்லப்பிடாதா அந்தப் பயலுக்கு? மாமனாரு கதையெல்லாம் பேச வச்சிட்டான்" என்றாராம்.

அன்றிலிருந்து அவர் சுவிட்சைத் தொடவில்லை. அறுபத்தைந்து வருஷப் பழக்கத்தை ஒரே நாளில் விட்டார். கொட்டகை விளக்கு பகலெல்லாம் எரிந்தது. வருகிறவர்களிடம், "அது எனக்க ஆளு, அணைச்சிராதிய" என்று சொல்வார். அப்போதே பொத்தானைத் திரும்பச் சேர்த்திருக்கலாமே என்று நந்தனா பின்னால் கேட்டாள். சேர்த்திருக்கலாம். ஆனால் ஐந்து நாள் ஓடியிருந்தது.

நூறாவது நாள் அக்டோபரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல மழை. இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். கேட்டில் ஃபிளெக்ஸ் வைத்தோம், அதில் என் படமும் தலைப்பெட்டியின் படமும் ஒரே அளவில். நாகம்மை ஏத்தன் வாழைப்பழத்தைச் சீவி மாவில் முக்கிப் பொரித்துக்கொண்டிருந்தாள், நந்தனா அடுப்படியில் ஒத்தாசை. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"இந்தக் கூத்துக்கு நான் எதுக்குலே? ஷீட்டப் புரட்டிப் போட்டுட்டு வாறேன். எனக்கு ரெண்டு பழத்தை மாத்தி வையி நாகம்மா" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார்.

அனில்குமார் பேசினார். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே தொடர்பு அறுந்துவரும் இந்தக் காலத்தில், என்று தொடங்கினார். கால்மணி நேரம் ஆகியும் அந்த வாக்கியம் முடியவில்லை. என் போன் திரையை ஹாலிலுள்ள பெரிய டிவியில் போட்டிருந்தேன், நாற்பத்திமூன்று பச்சைப் புள்ளிகளையும் எல்லாரும் பார்க்கட்டும் என்று. நாலு பன்னிரண்டுக்கு டிவியின் நடுவில் ஒரு கட்டம் வந்தது. 'புதிய கருவி இணைய விரும்புகிறது. அனுமதி. மறு.'

பட்டியலிலிருந்து நீக்கிய பொத்தானை அழுத்தினால் அது பேசாமல் இருக்காது, மேடம். புதிதாய் வந்த கருவி மாதிரி, சேர்த்துக்கொள் என்று கேட்கும். அதன் வேலை அது.

"மக்கா, அது யாருடே, உள்ள வரணும்ங்கான்?" என்று ஸ்மைலின் கேட்டார்.

"பக்கத்து வீட்டுக் கருவி ஏதாவது இருக்கும். நம்ம வலைக்குள்ள அன்னியம் ஒண்ணும் நுழையாது" என்று சொல்லி 'மறு' என்பதை அழுத்தினேன்.

கைதட்டினார்கள்.

இரண்டாவது தடவை வந்தபோது அனில்குமார் அதைப் பேச்சில் சேர்த்துக்கொண்டார். "பாருங்கள், இதுதான் பாதுகாப்பு. ஆளில்லாத காவல்" என்றார். மூன்றாவது தடவை நான் கையை எடுக்கும் முன்னாலேயே முன்வரிசையில் இருந்தவர்கள், "மறு, மறு" என்று ஏலத்தில் கத்துகிற மாதிரிக் கத்தினார்கள். "கள்ளன் விடாம தட்டுகான், பாவம், மழையில்லா" என்றார் ஸ்மைலின். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நாகம்மை தட்டோடு வந்தாள். அண்ணனை அவள் அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். "அத்தான் இன்னும் வரல்லியே, போய்ப் பாக்கட்டா?"

"ஷீட் புரட்டுகாரு, வருவாரு. நீ காப்பியக் கொண்டா" என்றேன்.

மொத்தம் பதினோரு தடவை. முதலில் ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று. பிறகு ஒரே நிமிஷத்தில் இரண்டு. ஒன்பதாவதுக்கு அப்புறம் நீண்ட இடைவெளி. பிறகு ஒன்று. கடைசி நாலு நாற்பத்தொன்பதுக்கு. அதோடு நின்றது. நின்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பலகையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டோம். ஆறு மணிக்கு எல்லாரும் போனபின், அவருக்கென்று எடுத்து வைத்திருந்த இரண்டு பழத்தையும் எடுத்துக்கொண்டு நந்தனா கொட்டகைக்குப் போனாள். அண்ணன் ஷீட் அடிக்கும் மிஷினுக்குக் கீழே, பல்பைப் பார்த்தபடி கிடந்தார். பல்பு எரிந்துகொண்டிருந்தது.

முதல் நாள் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில், அது பக்கத்து வீட்டுக் கருவி என்று நம்பினேன் என்று எழுதியிருந்தேன். அது சரியில்லை. நீங்கள் தோட்டத்துக்கு வந்து பார்த்தீர்கள். பக்கத்து வீடு எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும், அங்கே காலிங்பெல்கூடக் கிடையாது. டிவியில் வந்த கட்டத்தில் கருவியின் எண்ணும் இருந்தது. அதன் கடைசி நாலு இலக்கத்தை வெள்ளை ஸ்டிக்கரில் எழுதிப் பொத்தானின் பின்னால் ஒட்டியவனே நான். மூன்றாவது தடவை தெரிந்தது என்று நேற்று சொன்னேன். அதுவும் சரியில்லை. முதல் தடவையே தெரியும். பதினோரு தடவையும் தெரிந்துதான் அழுத்தினேன்.

ஹாலிலிருந்து கொட்டகைக்கு அறுபத்திரண்டு காலடி. பிறகு நடந்து எண்ணிப் பார்த்தேன். எழுந்து போவது ஒரு பெரிய காரியமில்லை. ஆனால் எழுந்து போனால் திரும்பி வந்து சொல்ல வேண்டும், அது யார், ஏன் வெளியே நின்று தட்டினார் என்று. இருபத்திரண்டு பேர் முன்னால்.

எங்கள் முறைப்படி வடக்குப் பார்த்து உட்கார வைத்து, தோட்டத்திலேயே அடக்கம் செய்தோம். அதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை இரவே, நந்தனா அவர் கையிலிருந்து பொத்தானைக் கழற்றிக்கொண்டாள். பாட்டரியை அப்போதே வெளியே எடுத்துவிட்டு, பிறகு உங்களிடம் ஒப்படைத்தாள். உங்கள் மேஜைமேல் அந்த அரக்கு வைத்த கவரில் இருக்கிறது.

அதனால்தான் இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவர் இறந்த மறுநாள் நாலு பன்னிரண்டுக்கு என் போனில் அந்தக் கட்டம் வந்தது. அதே நாலு இலக்கம். மறுத்தேன். திரும்ப வந்தது. பதினோரு தடவை, அதே இடைவெளியில். அதற்கடுத்த நாளும். மார்த்தாண்டத்திலிருந்து அனீஷ் என்று ஒரு டெக்னீஷியனை வரவழைத்தேன். "அண்ணே, பதிவுல ஒண்ணுமே இல்லியே" என்றான். நாகம்மையிடம் காட்டினேன், அவள் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவில் ஒரு இடைவெளி என்று சொன்னேனே, அந்த நேரத்தில்தான் என்னால் உட்கார முடிவதில்லை. மறுபடி வருமா, அவ்வளவுதானா என்று போனைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்குள்ளேயே நடப்பேன். வந்துவிட்டால் உட்கார்ந்துவிடுவேன். மறுத்துவிடுவேன்.

கொட்டகை பல்பை மட்டும் யாரும் அணைக்கவில்லை. அணைக்கக் கூடாது என்று நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

நாகம்மை தன் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் என்னிடம் கடைசியாக ஒன்று சொன்னாள். "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அனுமதின்னு அமுக்கிக் குடும்யா. அவரு உள்ள வந்துட்டுப் போட்டும்." அழவில்லை, கெஞ்சவும் இல்லை, உப்பு எடுத்துக் கொடு என்கிற மாதிரிக் கேட்டாள்.

அவள் கேட்டது நியாயம்தான். விரலை வைத்தால் போதும். நானும் கல்மனசுக்காரன் இல்லை, மேடம், அண்ணன்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று ஊருக்கே தெரியும். ஆனால் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இன்றைக்கு நூற்றுப் பதினெட்டாவது நாள்.