மேஸ்திரி அடித்த ஜோக்

"ஏப்ரல் ஃபூலுன்னா இன்னாங்க?"

குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலிருந்த ஒரு அம்மா, பக்கத்திலிருந்த புருஷனைக் கேட்டாள்.

"வருசத்துல ஒரு நாளு ஆள ஏமாத்திட்டு சிரிப்பாங்களாம். நேத்து கான்ட்ராக்ட் மேஸ்திரி, ஒனக்கு வேல பர்மனென்ட் ஆயிடுச்சுன்னாரு. நம்பி ஓடியாந்து ஒங்கிட்ட சொன்னேன். இன்னிக்கு வேலைக்குப் போனா ஷிப்ட்டே சிரிக்குது."

"நான் ஒடனே மாப்ள வூட்டுக்குச் சொல்லியனுப்பிட்டனே. இத்தினி நாளா இழுத்துக்கினு இருந்தவங்க, சாயங்காலமே வந்து பொண்ணுக்குப் பூ வெச்சிட்டுப் போனாங்க."

"அதான் அவங்க வூட்டுக்குப் போறமே. மேஸ்திரி ஜோக்கு அடிச்சிட்டாருன்னு சொல்லிடலாம்."

"அவரு சொன்னா ஜோக்கு. அதையே நம்ம சொன்னா ஃபோர் ட்வென்டி வேலைம்பாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பொண்ணு இன்னும் அந்தப் பூவ தலையிலேர்ந்து எடுக்கலீங்க."