ரொட்டிக்கடைச் சாவி

நாற்காலியை இழுக்காதீர்கள், தூக்கிப் போட்டு உட்காருங்கள். தரையில் கீறல் விழுந்தால் தேய்ப்பவள் நான். விடுதலையானவர்களுக்கு வேலை தேடித் தரும் அலுவலர் நீங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ரொட்டிக்கடை முதலாளி தம் தரப்பைச் சொல்லியிருப்பார். என் தரப்பை நான் சொல்கிறேன்.

என் மகன் திருட்டு வழக்கில் பல ஆண்டுகள் உள்ளே இருந்தான். வீட்டுக்கு வந்த அன்று, குளியலறைக் கதவின் முன்னால் கைகட்டி நின்றான். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே யாரும் இல்லை. யாராவது திறந்துவிடுவார்கள் என்று நின்றான். அங்கே அதுதான் பழக்கம். நான் போய்த் திறந்தேன். அன்றிலிருந்து எல்லாக் கதவுகளையும் நானே திறந்தேன்.

என் மகள் சண்டைக்கு வந்தாள்.

"அவனே திறக்கட்டும்மா. இப்படிக் கைக்குள்ளயே பொத்தி வச்சிருந்தா எப்படித் தேறுவான்?"

பெற்றவளுக்குத் தெரியாதது கூடப்பிறந்தவளுக்குத் தெரிந்துவிடுமா?

சிறையில் அவன் ரொட்டி சுடக் கற்றிருந்தான். நீங்கள் அழைத்துப் போன இடங்களிலெல்லாம் அவன் கதையைக் கேட்டதும் கையை விரித்தார்கள். இந்த முதலாளி மட்டும், எல்லாவற்றையும் கேட்ட பிறகு, வீடு தேடி வந்து கடைச் சாவியை நீட்டினார்.

"விடியறதுக்குள்ள நீயே திறந்து அடுப்பைப் பத்த வைக்கணும், தம்பி."

"என்கிட்டயா சாவி?"

"பூட்டோட அருமை உன்னைவிட வேற யாருக்குய்யா தெரியும்?"

மகன் சிரித்தான். திரும்பி வந்தபின் அதுதான் முதற்சிரிப்பு. கடை மாடியில் ஓர் அறை இருக்கிறது, வேண்டுமானால் தங்கிக்கொள் என்றும் அவர் சொன்னார். மறுநாள் நான் எழுந்து வருவதற்குள், தெருக்கதவை அவனே திறந்துகொண்டு போயிருந்தான்.

ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். சிறையில் இருந்தபோது, பார்க்கப் போகும் நாள்களில், கம்பிக்கு அப்பால் என் முகத்துக்காகவே அவன் காத்து நிற்பான். அப்படி என்னை யாரும் எதிர்பார்த்ததில்லை. அவன் அப்பா உட்பட.

ஒரு நாள் பகலில், வேலை முடிந்து வந்து அவன் தூங்கியபோது, சட்டைப்பையிலிருந்த சாவியை எடுத்துப் போய் முதலாளியிடம் கொடுத்தேன்.

"சாவி கையில இருந்தா பழைய புத்தி வருதாம். இனிமே வரலைன்னு சொல்லச் சொன்னான்."

"அவனேவாம்மா சொன்னான்?"

"பெத்தவ பொய் சொல்வேனா?"

மகன் எழுந்ததும், முதலாளி வந்து சாவியை வாங்கிப் போய்விட்டார், உன்மேல் நம்பிக்கை இல்லையாம் என்றேன். அவன் கோபப்படவில்லை.

"அவர் மேல தப்பில்லம்மா. நானா இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்."

மாலையில், சாத்தியிருந்த தெருக்கதவின் முன்னால் கைகட்டி நின்றான். நான் போய்த் திறந்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பட்டப்பகலில் நகைக்கடைக் கண்ணாடியில் கல்லெறிந்துவிட்டு, எதையும் தொடாமல், காவலர் வரும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தான். போன வாரம் பார்க்கப் போனேன். "இங்க அடுப்பு என் பொறுப்பும்மா. நம்பித் தர்றாங்க" என்றான். முகம் தெளிந்திருந்தது. என் முகத்தை அவன் அதிகம் பார்க்கவில்லை.

நான் செய்தது குற்றம் என்றால் குற்றம்தான், சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள், கையொப்பமிடுகிறேன். அவனிடம் மட்டும் சொல்லாதீர்கள், தாங்கமாட்டான்.

அடுத்த முறை அவனுக்கு ஒரு சிரமமும் இராது. வாருங்கள், அவன் அறையைப் பாருங்கள். உள்ளே இருந்த தாழ்ப்பாளைக் கழற்றி வெளிப்பக்கம் பொருத்திவிட்டேன். திறப்பதற்குத்தான் நான் இருக்கிறேனே.