நாற்பத்து மூன்று தீக்குச்சிகள்

வெயில் காலத்தில் பாதிப்பேர் படத்துக்காகத் தியேட்டருக்கு வருவதில்லை ஐயா, ஏசிக்காக வருகிறார்கள். எங்கள் தொழிலில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நான் சொல்வேன். என் கணிப்பு பலித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

படங்களை வாங்கித் தியேட்டர்களுக்குக் கொடுப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. கோடை விடுமுறைக்கு வரும் பெரிய படங்களை, வெளியாவதற்கு ஒரு வாரம் முன்பு, முந்நூறு பேரை அழைத்துப் போட்டுக் காட்டுவார்கள். நானும் உட்கார்ந்திருப்பேன். மறுநாள் காலை ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு சொல் எழுதி முதலாளியிடம் கொடுப்பேன். ‘நிற்கும்’ அல்லது ‘விழும்’. அதை அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி வைப்பார். நான்காவது வெள்ளிக்கிழமையும் படம் ஓடிக்கொண்டிருந்தால் நின்றது, இல்லையென்றால் விழுந்தது. பதினான்கு கோடை, அறுபத்தொரு சீட்டு. ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. என் பெயரே அங்கே பலருக்கு மறந்துபோயிற்று. நான் ஜோசியர்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதல் வரிசையின் ஓர இருக்கையில், திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்காருவேன். இடது பையில் தீக்குச்சிகள் இருக்கும். இருட்டில் ஒரு உருவம் எழுந்து வெளியே போனால் ஒரு குச்சி வலது பைக்குப் போகும். முப்பதைத் தாண்டினால் படம் விழும். கைதட்டல் பொய் சொல்லும், கண்ணீர்கூடப் பொய் சொல்லும். ஏசியை விட்டு எழுந்து போகிற முழங்கால் சொல்லாது.

இந்தக் கோடையின் பெரிய படத்தை எடுத்தவன் என் மைத்துனன். என் மனைவி தூக்கி வளர்த்த தம்பி. எட்டு வருடம் எங்கள் வீட்டில், எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் எழுதினான். அவன் எழுதி முடிக்கும்வரை நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கடலில் விழப்போகும் விமானத்தின் கதை. கடைசியில் விமானி தன் அம்மாவுடன் பேசுகிற காட்சி ஒன்று வரும். அந்த ஒரு காட்சியில் மட்டும் நாற்பத்து மூன்று பேர் எழுந்து போனார்கள். எண்ணி முடித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் குச்சிகளைத் தனியே ஓர் உறையில் போட்டு வைத்தேன். முன்பு எந்தப் படத்துக்கும் அப்படிச் செய்ததில்லை.

சீட்டைப் பார்த்த முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“என்ன ஜோசியரே, வீட்ல சோறு போடுவாங்களா இனிமே?”

“கணிப்பு கணிப்புதான் சார்.”

மைத்துனனும் வந்து கண்ணாடிக்கு அடியில் பார்த்தான். “அத்தான், ஒரு வார்த்தைல முடிச்சுட்டீங்களே. நான் எட்டு வருஷம் எழுதினேன்,” என்று சிரித்தான். அழுதிருந்தால் என்னால் ஆறுதல் சொல்ல முடிந்திருக்கும்.

படம் விழவில்லை. முதல் மூன்று நாள் எல்லாக் காட்சியும் நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை நானே டிக்கெட் வாங்கிப் போனேன். அதே காட்சியில் அதே போல் ஆட்கள் எழுந்தார்கள். பதினான்கு வருடத்தில் முதல்முறையாக, எழுந்தவர்கள் பின்னாலேயே நானும் வெளியே போனேன். நடைபாதை முழுக்கச் சுவரைப் பார்த்து நின்று கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். தடித்த ஆள் ஒருவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தபடி, “ஒண்ணுமில்லம்மா, சும்மாதான். சாப்ட்டியா? நாளைக்கு உன்னைக் கூட்டிட்டு வரேன், நீயும் பாக்கணும்,” என்றார். பேசிவிட்டு எல்லோரும் உள்ளே திரும்பினார்கள்.

எழுந்து போகிறவர்களை எண்ணினேனே தவிர, திரும்பி வந்தவர்களை நான் எண்ணியதே இல்லை.

அலுவலகத்தில் டைப்பிஸ்ட் அம்மாள் தன் கையை நீட்டி, “ஜோசியரே, எனக்கும் பாருங்க. நல்லது எதையும் சொல்லிடாதீங்க,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே இருந்த மைத்துனன் சிரிக்கவில்லை என்பதுதான் விஷயம். அன்று வீட்டில் என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தான்.

“அத்தான், ‘நிற்கும்’னு எழுதிக் குடுங்க. முதலாளிகிட்ட பேசிட்டேன். பழசை எடுத்துட்டு இதை வச்சிடலாம். அக்காவுக்குக்கூடச் சொல்ல மாட்டேன்.”

என்னை அவன் கேலி செய்திருக்கலாம். எட்டு வருடம் சோறு போட்டவனுக்கு அவன் இரக்கப்பட்டான். மன்னிக்க எனக்குத் தெரியாதது அது ஒன்றுதான்.

இரண்டாவது சனிக்கிழமை. என் மனைவி தினமும் தம்பி படத்தின் மதியக் காட்சிக்குப் போய் பால்கனியில் உட்காருவாள். அன்றும் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். “இன்னிக்குப் போகாதே. நெரிசலா இருக்கும்,” என்றேன். இத்தனை வருடத்தில் நான் சொல்லி அவள் கேட்காத பேச்சில்லை. போகவில்லை.

நான் போனேன். அந்தத் தியேட்டரின் பால்கனி மாடிப்படித் திருப்பத்தில் ஒரு குப்பைத் தொட்டி உண்டு. விமானி பேச ஆரம்பித்ததும், பாப்கார்ன் காகிதங்களுக்கு நடுவே அந்த நாற்பத்து மூன்று குச்சிகளையும் கொளுத்திப் போட்டேன். ஏற்கெனவே எழுந்து நிற்கிறவர்கள் சீக்கிரம் நகர்வார்கள் என்பதால்தான் அந்தக் காட்சி. புகை கொஞ்சம் உள்ளே போகட்டும் என்று காத்திருந்து, கதவைத் திறந்து ‘தீ’ என்றேன். கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு நேரம் சொல்கிற மாதிரிதான் சொன்னேன்.

ஒரு சின்னப் பரபரப்பு, நான்கு பேருக்குச் சிராய்ப்பு, செய்தித்தாளில் இரண்டு வரி. குடும்பத்தோடு வருகிறவர்கள் பயந்து வராமல் நின்றுவிடுவார்கள். அவ்வளவுதான் கணித்தேன். படி குறுகலானது, திருப்பம் இன்னும் குறுகல். அந்த அகலத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மைத்துனன் எல்லாக் காட்சிக்கும் கீழ்வாசலில் நிற்பான், ஜனங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு. எல்லோரும் கீழே ஓட, அவன் மட்டும் எதிரே ஏறி வந்தான். “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான். நான் ஆபரேட்டர் அறை வாசலில், நாலு படி உயரத்தில் நின்றிருந்தேன். அவள் வீட்டில் இருக்கிறாள் என்று அங்கிருந்தே சொல்லியிருக்கலாம். அவனுக்குக் கேட்கும் தூரம்தான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

படியில் விழுந்து எழுந்திருக்காதவர்கள் ஏழு பேர். அவன் ஏழாவது.

திங்கட்கிழமை படத்தை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டார்கள். நான்காவது வெள்ளியன்று முதலாளி கண்ணாடியைத் தூக்கி, ‘விழும்’ சீட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். டைப்பிஸ்ட் அம்மாள் எழுந்து வெளியே போனார்.

வீட்டுக்குப் போனேன். மனைவி சாப்பாட்டு மேசையில், அவன் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏங்க, அன்னிக்கு மட்டும் ஏன் போகாதேன்னு சொன்னீங்க?”

“கணிப்பு,” என்றேன்.

குச்சிகள் இருந்த அந்த உறையை எடுத்துப் பார்த்தாள், காலி. பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு இங்கே, ஸ்டேஷனுக்கு வந்தாள். உங்களிடம் அவள் சொன்னதெல்லாம் உண்மை. தொட்டி, குச்சி, அந்த ஒரு சொல் எல்லாம் நான் செய்ததுதான். எதையும் மறுக்கவில்லை.

நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு திருத்தம் மட்டும் வேண்டும் ஐயா. மூன்றாம் பக்கத்தில், ‘படத்தை விழவைத்தார்’ என்று இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். ‘விழும் என்று முன்பே சரியாகச் சொன்னார்’ என்று இருக்கவேண்டும்.